ஐந்தாம் பக்கம்

ஆராய்ச்சி நிலையத்தில் அந்த அம்மாவுக்குக் கண்ணாடிவீட்டம்மா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையைத் தாண்டி, நோய்ச்செடி வளர்க்கும் கண்ணாடி வீடு ஒன்று இருந்தது. காலையில் போனாலும் அவர் அங்கேதான், மாலையில் போனாலும் அங்கேதான். அதற்கு இரட்டைக் கதவு. வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோகும் அசுவினிப் பூச்சி கூடவே நுழைந்துவிடும். இரண்டு கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்தான். 'ஒருவர் மட்டும் வரவும்' என்று அங்கே எழுதி ஒட்டியிருந்தார். வேறு யாரும் வராததால் அந்தக் காகிதம் கசங்காமல் கிழியாமல் புதிதாகவே இருந்தது.

அவருடைய வேலை செடிக்கு வரும் வைரஸ். நமக்குச் சளி பிடிக்கிறதே, அதுபோல் செடிக்கும் பிடிக்கும். செடி தும்மாது, இலையில் காட்டும், அவ்வளவுதான். தர்பூசணிக் கொடியில் ஒரு தேமல் நோய். பச்சை இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக வரும், இலை சுருங்கும், பிஞ்சு முண்டும் முடிச்சுமாகி விற்கவும் ஆகாது, தின்னவும் ஆகாது. அந்த வைரஸோடு அவர் முப்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார். கணவரோடு நடத்தியது அதில் கால்வாசி தேறாது. அந்த மனிதர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். முதலில் வாராவாரம் வந்தார், பிறகு மாதாமாதம் வந்தார், கடைசியில் ஒரு கையெழுத்துக்காக வந்தார். சண்டையில்லை, சத்தமில்லை. "உனக்கென்ன, உன் செடி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை மட்டும் அந்த அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவர் பெயர் நாலு நாட்டில் தெரியும் என்றால் அது ஒரே ஒரு கட்டுரையால்தான். இளம் வயதில் எழுதியது. கேள்வி சின்னது: நோய் பிடித்த கொடியின் விதைக்குள் இந்த வைரஸ் ஒளிந்துகொண்டு அடுத்த தலைமுறைக்குப் போகுமா? வலைக்கூண்டுக்குள் விதைத்தார், முளைத்த ஒவ்வொரு நாற்றையும் சோதித்தார். ஒன்றில்கூட வைரஸ் இல்லை. ஆனால் அந்த விதையெல்லாம் பூத்த பிறகு நோய் கண்ட கொடிகளிலிருந்து எடுத்தவை. பூப்பதற்கு முன்பே நோய் கண்டிருந்தால்? அது தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல வேண்டும்? கட்டுரையின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தி முழுக்க அதையே எழுதினார். 'பூக்கும் முன் நோயுற்ற கொடிகளின் விதையைச் சோதிக்காமல் எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது' என்று பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதினார்.

வினை வந்தது மேலே போடும் சுருக்கத்தில். எந்தக் கட்டுரைக்கும் தலையில் நாலைந்து வரியில் ஒரு சுருக்கம் இருக்கும், அதற்கு வார்த்தைக் கணக்கு உண்டு. இவருடையது நீண்டுவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியர் பேனாவை எடுத்தார்.

"சுருக்கத்துல இதெல்லாம் எதுக்கும்மா? உள்ளதான் விவரமா எழுதியிருக்கியே. படிக்கறவங்க படிச்சுக்குவாங்க."

சுருக்கத்தில் மிஞ்சியது ஒரு வரி: 'விதை வழியாகப் பரவுவது காணப்படவில்லை.' முற்றுப்புள்ளி.

படிக்கிறவர்கள் படித்துக்கொள்வார்களாம்! பாவம், அந்தப் பேராசிரியர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

ஒருவர் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால் அது ஒரு மேற்கோள். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் எடுத்த எடுப்பில் என்ன சம்பளம் என்று கேட்பார்களே, அப்படி விஞ்ஞானிகள் உலகத்தில் எடுத்த எடுப்பில் எத்தனை மேற்கோள் என்று கேட்பார்கள். என்ன கண்டுபிடித்தாய் என்பதெல்லாம் அப்புறம், நேரம் இருந்தால். கண்ணாடிவீட்டம்மாவின் மற்ற கட்டுரைகளுக்கு அஞ்சும் பத்துமாகத்தான் மேற்கோள். இந்த ஒன்று மட்டும் நானூற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று சேர்ந்தால் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெயில் வரும். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மெயிலைப் பார்ப்பது அவருக்கு ஒரு பழக்கம். எங்கேயோ, முகம் தெரியாத யாரோ, தன்னைப் படித்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்துக்கு அது ஒரு துணை.

தங்கைக்கு இந்த விஷயம் பிடிபடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"அக்கா, உன் பேரைப் போட்டா நானூறுன்னு வருதாமே, பையன் காட்டினான். அது என்ன, லைக்கா?"

"லைக் இல்லடி. நான் எழுதினதை அவங்க எழுதினதுல சொல்லியிருக்காங்க."

"எல்லாம் உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"ஒருத்தரையும் தெரியாது."

"நல்லா இருக்கே கதை! தெரியாதவங்க நானூறு பேர் உன்னைப் பத்திப் பேசறாங்க, கூடப் பொறந்தவ பேசினா மட்டும் வேலை இருக்குன்னு வச்சுடற."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமை விஞ்ஞானி பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. ஓய்வுக்கு முன் கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்தில் ஒரு புதுக் கேள்வி இருந்தது: உங்கள் ஆராய்ச்சியை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்? நியாயமான கேள்விதானே என்று அந்த அம்மா தன்னை மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் படிக்க உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் தேடியவர் அந்த நிலையத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மற்றவர்கள் எண்ணிக்கையை எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

'இந்த வைரஸ் விதை வழியாகப் பரவாது' என்று ஒருவர். 'பரவாது என்று நிரூபிக்கப்பட்டுள்ளது' என்று இன்னொருவர். 'பரவாது என்பது அனைவரும் அறிந்ததே' என்று மூன்றாமவர். எல்லாவற்றுக்கும் ஆதாரம் இவர்! ஐந்தாம் பக்கத்தின் வாசனைகூட எங்கும் இல்லை.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அவர் கட்டுரை அந்தப் பத்திரிகையில் இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது. ஆனால் எல்லோருடைய மேற்கோள் பட்டியலிலும் இருநூற்று எழுபத்தொன்று என்று இருந்தது. எங்கோ ஒரு பெரிய மனிதர் எழுதிய தொகுப்புக் கட்டுரையில் எண் தவறாக அச்சாகியிருந்தது. பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்து எழுத, அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் எழுத, பரீட்சை அறையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவன் அவன் தப்பையும் சேர்த்தே எழுதுவதுபோல, அத்தனை பேரும் எழுபத்தொன்று என்றே எழுதியிருந்தார்கள். அந்த இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? உருளைக்கிழங்கு அழுகல். வேறு யாரோ எழுதியது. நானூறு பேரில் ஒருவராவது பத்திரிகையைத் திறந்திருந்தால் உருளைக்கிழங்கில் இடித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். திறக்கவே இல்லை. படித்தவர்களாம் படித்தவர்கள்!

அந்த அம்மா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் கூட இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் எழுந்து போய்விட்டார்கள். உண்மையில் அவர்கள் வரவே இல்லை. தன் வாழ்க்கையில் இவ்வளவு தனியாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை, கணவர் கையெழுத்து வாங்கிப் போன அன்றுகூட.

தன் மனவருத்தம் மட்டும் என்றால் விழுங்கியிருப்பார். விதை விஷயம் விழுங்க விடவில்லை. விதை ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவர்களுக்கான கையேடு ஒன்றில், இந்த வைரஸுக்காக விதையைச் சோதிக்கத் தேவையில்லை என்று எழுதி, கீழே இவர் பெயரைப் போட்டிருந்தார்கள். சோதிக்காத விதை டப்பா டப்பாவாகக் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் வைரஸ் இருந்தால் எத்தனை பேர் கொடி பட்டுப்போகும்? அதற்கும் இவர் பெயர்தானே ஆதாரம்? யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஐந்தாம் பக்கத்தைப் படித்தால் போதும் என்று அவருக்கு இருந்தது.

சரி, அந்த ஒருவருக்குச் சிரமம் வேண்டாம், நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினார். நோயுற்ற இலையை உரலில் அரைத்து, சாற்றைத் தொட்டு, மாவு மாதிரி அரைத்த மணல்தூள் தூவிய பிஞ்சு இலைகளில் விரலால் மெல்லத் தேய்த்தார், தூள் கீறின வழியே வைரஸ் உள்ளே போய்விடும். பூ வருவதற்கு வெகுமுன்பே கொடிகளுக்கு நோய் வந்தது. காய் முற்றும்வரை காத்திருந்து, விதை எடுத்து, காயவைத்து, முளைக்கவைத்து, நாற்றுகளின் சாற்றைச் சோதனைத் தட்டின் குழிகளில் விட்டார். வைரஸ் இருந்தால் குழி மஞ்சளாகும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில குழிகள் மஞ்சளாயின. சிலதான். ஆனால் வயலில் அந்தச் சிலது போதும், மீதியை அசுவினி பார்த்துக்கொள்ளும். அந்த மஞ்சளைப் பார்த்து வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுக் காட்டவும் ஆளில்லை.

கட்டுரையை அனுப்புமுன் டைரக்டரிடம் சொல்லப் போனார். டைரக்டரும் இவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜையில் குடுவை கழுவினவர்கள். கூட்டத்தில் 'சார்', அறைக்கதவைச் சாத்தினால் 'நீ'.

"இது வெளிவந்தா உன் நம்பர் என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார் டைரக்டர். "உன் பெரிய பேப்பரை நீயே கவுக்கற."

"நம்பர் போனா போகுது. விதை போயிட்டிருக்கே."

"தேர்வுக் குழு முடியட்டும். அப்புறம் அனுப்பேன்."

"உன் குழு முடியறவரைக்கும் யாரும் விதைக்காம இருப்பாங்களா?"

"நீ இப்படியே இருந்து இருந்துதான்..." என்று ஆரம்பித்து அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என் பழைய பேப்பரை நீ படிச்சிருக்கியா?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? நானே ரெண்டு தடவை மேற்கோள் காட்டியிருக்கேனே!"

அந்த இரண்டையும் அந்த அம்மா ஏற்கெனவே பார்த்திருந்தார். இரண்டிலும் எழுபத்தொன்று. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

திருத்தக் கட்டுரை வெளிவந்தது. யாராவது திட்டி எழுதுவார்கள், சண்டைக்கு வருவார்கள், 'அன்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய்' என்று சட்டையைப் பிடிப்பார்கள் என்று இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஈ காக்கைகூட வரவில்லை. கிணற்றில் போட்ட கல்தான். கையேடு போட்ட அலுவலகத்துக்கு மெயில் போட்டார். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தானாக ஒரு பதில் வந்தது. கம்ப்யூட்டருக்கு இருந்த மரியாதைகூட அந்த அலுவலகத்து மனிதர்களுக்கு இல்லை.

கடைசியில் புதுக் கட்டுரைக்கும் ஒரு மேற்கோள் விழுந்தது. உடனே திறந்தார். 'இந்த வைரஸ் விதை வழியாகப் பரவாது' என்று எழுதி, ஆதாரமாகப் பழைய கட்டுரையையும் புதுக் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பரவும் என்று எழுதினதையே பரவாது என்பதற்கு ஆதாரமாகக் காட்டிய அந்த மகானுபாவர்களை நினைத்துக் கண்ணாடி வீட்டுக்குள் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கையில் இலைச்சாறு ஒட்டியிருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

தள்ளித் தள்ளிப் போன தேர்வுக் குழு ஒருவழியாகக் கூடியது. நீள மேஜை, நடுவில் பிஸ்கட் தட்டு. தலைவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு முகம் மலர்ந்தார்.

"அடேயப்பா! இந்த வருஷமும் ஏறியிருக்கே உங்க எண்ணிக்கை."

ஏறத்தான் செய்யும். திருத்தம் எழுதினவர் பழைய கட்டுரையைக் குறிப்பிட்டுத்தானே திருத்த முடியும்? அதுவும் ஒரு மேற்கோளாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

"சார், அந்தக் கட்டுரையை எல்லாரும் தப்பாப் புரிஞ்சிருக்காங்க," என்றார் கண்ணாடிவீட்டம்மா. "விதையில பரவும். நானே மறுபடி செஞ்சு..."

"அடக்கம், அடக்கம்!" என்று தலைவர் கையை உயர்த்தினார். "பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான். பிஸ்கட் எடுத்துக்குங்க."

பதவி கிடைத்துவிட்டது. மாடியில் தனி அறை, சுழல் நாற்காலி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல். எது போனாலும் போகட்டும் என்றாரோ அது மடியில் வந்து விழுந்தது. யாரும் படிக்காததால் விழுந்தது. அன்று தங்கை போன் செய்து குதித்தாள்.

"அக்கா, கிடைச்சுடுச்சாமே! ஏன், குரல் ஏன் இப்படி இருக்கு?"

"யாருமே படிக்கலடி."

"என்னத்தை?"

"நான் எழுதினதை."

"அதான் நானூறு பேர்..."

"ஒருத்தர்கூட இல்ல."

"எனக்கு அனுப்புக்கா. நான் படிக்கறேன்," என்றாள்.

"உனக்குப் புரியாதுடி."

"புரியலன்னா என்ன, படிக்கத்தானே போறேன்?"

அந்த அம்மா வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

மாடி அறைக்கு அவர் அதிகம் போகவில்லை. பழையபடி கண்ணாடி வீட்டிலேயே கிடந்தார். மேற்கோள் மெயில்களைத் திறப்பதை விட்டுவிட்டார். வந்தவை அவை பாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருந்தன. மழை பெய்த ஒரு மத்தியானம், கூரைக் கண்ணாடியில் தண்ணீர் தடதடவென்று விழ, வெளியே போக முடியாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது கை தவறி ஒரு மெயில் திறந்துகொண்டது. பெயர் தெரியாத சின்னப் பத்திரிகை, இரண்டே பக்கக் குறிப்பு. எழுதியவர் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்து ஆய்வாளர். மூடப்போனவர் வழக்கம்போல அடியில் இருந்த பட்டியலை மட்டும் பார்த்தார்.

இருநூற்றுப் பதினொன்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினொன்றேதான். மேலே ஓடினார். ஒரு வரி இருந்தது: 'பூக்கும் முன் நோயுற்ற கொடிகளைச் சோதிக்க வேண்டும் என்று கட்டுரையாளரே அப்போதே எச்சரித்திருக்கிறார். ஏனோ யாரும் அதைக் கவனிக்கவில்லை.'

முதல் பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தது. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று உடனே அடித்தார். எடுத்தவரிடம் தன் பெயரைச் சொன்னார்.

"மேடம்... நீங்க உயிரோடவா இருக்கீங்க?"

"இதுவரைக்கும் இருக்கேன்."

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. அவ்வளவு பழைய பேப்பராச்சே, நான் என்னவோ..."

"அது கிடக்கட்டும். ஐந்தாம் பக்கத்துக்கு எப்படி வந்தீங்க?"

"எங்க தட்டுல மஞ்சள் வந்துச்சு மேடம். நான்தான் கை சுத்தமில்லாம செஞ்சிட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. திரும்பத் திரும்பச் செஞ்சேன், மஞ்சள்தான். ஆளாளுக்கு உங்க பேரைச் சொல்லி என் வாயை அடைச்சாங்க. எனக்கு வந்துச்சு கோபம். அந்த அம்மா அப்படி என்னதான் எழுதியிருக்காங்கன்னு பார்த்துடறேன்னு தேடினேன். எழுபத்தொண்ணாம் பக்கத்தைத் திறந்தா உருளைக்கிழங்கு!"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி வீடே அதிர்ந்தது.

"அப்புறம் ஒவ்வொரு பக்கமா புரட்டித்தான் உங்களைக் கண்டுபிடிச்சேன் மேடம். அந்தப் பத்தியைப் படிச்சதும் எழுந்து நின்னுட்டேன். அதைக் கொண்டுபோய்க் காட்டினப்புறம்தான் அந்த விதையை நிறுத்தினாங்க. ஒரு டப்பா வெளிய போகல."

"நான் அதை மறுபடி செஞ்சு இப்போ ஒண்ணு எழுதியிருக்கேனே, பார்த்தீங்களா?"

"இல்லையே மேடம்!"

சரிதான், இவரும் அதைப் படிக்கவில்லை. கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றார் ஆய்வாளர். "விதைக்குள்ள அது எங்கே உக்காருது? தோல்லயா, இல்ல உள்ள முளைக்கருவுலயேவா?"

முப்பது வருஷத்தில் அந்தக் கட்டுரையைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. அதற்குப் பதில் அவரிடம் எப்போதோ தயாராக இருந்தது.

"சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும். உங்களுக்கு நேரம் இருக்கா?"

"இப்போ ஒரு கூட்டம் இருக்கு மேடம்." கொஞ்சம் தயங்கினார். "அது கெடக்குது. நீங்க சொல்லுங்க."

கண்ணாடிவீட்டம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மழைச் சத்தத்தில் காதில் விழாமல் போய்விடுமோ என்று போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, முதல் விதையிலிருந்து ஆரம்பித்தார்.